உலையறை நினைவுகள்
சில்ஹட் கப்பல் தொழிலாளரின் வாய்மொழி வரலாறு

முஸ்லிம்களின் கடல் வரலாற்றைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் இப்னு மாஜிதிலிருந்தோ சுலைமான் அல்மஹ்ரியிலிருந்தோ தொடங்குவது வழக்கம். பருவக்காற்றின் கணக்கும், விண்மீன்களைக் கொண்டு வழியறிந்த நுட்பமும், நம் கடற்கரையின் மரக்காயர் குடும்பங்கள் செலுத்திய மரக்கலங்களும் அவ்வெழுத்துகளில் இடம்பெறும். அவையெல்லாம் கப்பலை உடைமையாகக் கொண்டவர்களின், அல்லது அதற்கு வழி காட்டியவர்களின் வரலாறு. நீராவிக் கப்பலின் அடித்தளத்தில், கடல்நீரின் மட்டத்துக்கும் கீழே, கொதிகலன்களின் முன் நின்று கரி வாரியிட்டவர்களும் கடலோடிகளே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் அவ்வேலையைச் செய்தவர்களில் மிகப் பலர் இந்தியத் துணைக்கண்டத்து முஸ்லிம்கள். அவர்களுள் சிலர் முதுமையில், தாம் முதன்முதலாகக் கப்பலேறிய நாள்களைப் பற்றிச் சொல்லிச் சென்றுள்ளனர். அந்நினைவுகள் நமக்கு எதைத் தருகின்றன, எதைத் தரவில்லை என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

இத்தொழிலாளரை ஆங்கிலேயர் ‘லஸ்கர்’ என்று அழைத்தனர். படை எனப் பொருள்படும் ‘லஷ்கர்’ என்னும் பாரசீகச் சொல்லே இதன் மூலம். அரபியில் வழங்கும் ‘அஸ்கர்’ என்பதும் இதன் அரபி வடிவமே என்று மொழியறிஞர் கருதுவர். போர்த்துக்கேயர் வாயிலாக இலங்கையில் இச்சொல் உள்நாட்டுப் படைவீரரைக் குறித்தது. வங்கக் கடலிலோ கப்பலாளைக் குறிக்கலாயிற்று. கப்பலாள்களின் தலைவன் ‘செராங்கு’. இன்றைய ஈரானியப் படையில் உயர் அதிகாரியைக் குறிக்கும் ‘ஸர்ஹங்க்’ என்பதும் இதுவும் ஒன்றே. தமிழில் ‘சாரங்கு’ என நாம் அறிந்ததும் இதுதான். அவனுக்கு அடுத்தவன் ‘திண்டல்’. இது வட சொல் அன்று. தோணித் தலைவனைக் குறிக்கும் நம் கரையோரத் ‘தண்டல்’ என்பதே ஊர் சுற்றி அவ்வாறு திரிந்தது. கப்பலைத் திருப்பிச் செலுத்துபவன் ‘சுக்கானி’. ‘சுக்கான்’ அரபிச் சொல் என்பதை நம் மாணவர்களிடம் கூறினால் இன்றும் வியப்படைகின்றனர். ‘கலாசி’யும் அவ்வாறே வந்தது. எல்லாவற்றிலும் சுவையானது ‘மாலுமி’. மதரஸாவில் பாடம் சொல்லித் தருபவரைக் குறிக்கும் ‘முஅல்லிம்’ என்னும் சொல்லே கடலில் வழியறிந்து கப்பல் செலுத்துபவரையும் குறித்தது. கப்பலைக் கண்ணால் பாராத நம்மைப் போன்றோரும் அச்சொல்லில் பங்குடையவர் ஆகின்றோம்!

சொற்களில் இத்துணைக் கண்ணியம் இருந்தது. தொழிலில் அது இருந்ததா என்பது வேறு செய்தி. 1660ஆம் ஆண்டின் ஆங்கிலக் கடற்போக்குவரத்துச் சட்டம் கப்பலாள்களில் நான்கில் மூன்று பங்கினர் ஆங்கிலேயராக இருக்க வேண்டும் என்றது. எனினும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் ஆசியத் துறைமுகங்களில் நோயாலும் ஓட்டத்தாலும் ஆள்களை இழந்தபோது, திரும்பும் பயணத்துக்கு இந்தியரே தேவைப்பட்டனர். 1823ஆம் ஆண்டுச் சட்டம் இவர்களைப் பிரிட்டிஷ் கப்பலாள்களாகக் கருதலாகாது என்று விதித்தது. ஆங்கில அரசின் குடிகளாயிருந்தும், ஆங்கிலக் கப்பலில் இவர்கள் வேற்றாளர். 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டு நீராவிக் கப்பல்கள் பெருகிய பின்னர் இவர்களின் தேவை பன்மடங்காயிற்று. 1914ஆம் ஆண்டளவில் பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் 50,000 பேருக்கும் மேற்பட்ட லஸ்கர்கள் பணியாற்றினர்.

கப்பலுக்குள் ஊர்வாரியான பிரிவினை இருந்தது. கல்கத்தாவில் ஆளெடுத்த கப்பல்களில் மேல்தளப் பணிக்கு நவகாளி, சிட்டகாங், சந்தீப் பகுதியினர் வந்தனர். பொறியறைக்கும் உலையறைக்கும் சில்ஹட்டினர் வந்தனர். பம்பாயில் ஆளெடுத்த கப்பல்களில் உலையறைக்குப் பஞ்சாபியரும் பட்டாணியரும், உணவுக்கூடத்துக்குக் கோவாக் கிறித்தவரும் அமர்த்தப்பட்டனர். இவற்றுள் சில்ஹட்டே நம் சிந்தனைக்குரியது. ஹஸ்ரத் ஷாஹ் ஜலால் (ரஹ்) அவர்கள் அடங்கியுள்ள அம்மாவட்டம் கடலிலிருந்து வெகு தொலைவில் உள்ளது. கடலைக் காணாத ஊரார் கடலோடிகளானது எங்ஙனம்?

இதற்கு ஆய்வாளர் ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்களைக் காட்டுவர். மழைக்காலத்தில் வயலெல்லாம் ஏரியாக மாறும் ஹாவோர் நிலம் அது. படகு அங்கே கால்நடையைப் போன்றது. ஆற்றில் ஸ்டீமர்கள் வந்தபோது படகுத் தொழில் குன்றியது. படகோட்டிகள் அந்த ஸ்டீமர்களிலேயே வேலைக்கமர்ந்து, அவ்வழியே கல்கத்தாத் துறைமுகத்தை அடைந்தனர். மேலும், 1874இல் அஸ்ஸாமோடு இணைக்கப்பட்ட அம்மாவட்டத்தில் பெரும் ஜமீன்தார்களைவிடத் தம் நிலத்தைத் தாமே உழும் சிறு உடைமையாளரே மிகுதி. மகனைக் கல்கத்தாவுக்கு அனுப்பி, வேலை கிடைக்கும்வரை தாங்குவதற்கு வேண்டிய சிறு பொருள் அவர்களிடம் இருந்தது. ஏழ்மையே காரணம் என்று எளிதாகச் சொல்லிவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. முற்றிலும் ஏழையாயிருந்தவனால் கிதிர்பூர் வரை சென்றிருக்கவே இயலாது என்பதுதான் உண்மை. இவையனைத்தினும் வலியது மூன்றாவது காரணம்: ஒருவன் செராங்கு ஆகிவிட்டால் தன் உறவினரையும் ஊராரையுமே அவன் ஆளெடுப்பான். ஓர் ஊரிலிருந்து ஒருவன் சென்றால் அவ்வூரே கப்பலூர் ஆகிவிடும்.

இம்முதியவர்களின் வாய்மொழிகளைத் தொகுத்தவர்களில் இருவரைக் குறிப்பிட வேண்டும். கிழக்கு லண்டனில் பணியாற்றிய கரோலின் ஆடம்ஸ் என்னும் பெண்மணி, அங்கே குடியேறிய சில்ஹட் முதியோரின் வாழ்க்கைக் கதைகளைக் கேட்டு 1987இல் நூலாக்கினார். ‘ஏழு கடல், பதின்மூன்று ஆறு கடந்து’ என்னும் வங்கக் கதைத் தொடரே அந்நூலின் பெயர். யூசுஃப் சௌதுரி என்பார், இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கப்பல்களில் பணியாற்றிய வங்கக் கப்பலாள்களின் வாய்மொழியைத் தொகுத்து 1990களில் வெளியிட்டார். சொன்னவர்கள் நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தவற்றைச் சில்ஹட் பேச்சில் சொன்னார்கள். அது ஆங்கிலமாகி நம்மை அடைந்துள்ளது. ஹதீஸ் கலை பயின்ற வாசகர், அறிவிப்பாளரின் நேர்மை வேறு, நினைவாற்றல் வேறு என்று நம் முன்னோர் பிரித்து நோக்கியதை இங்கு நினைவுகூர்வர். நேர்மையான முதியவரும் ஆண்டை மாற்றிச் சொல்லலாம். கப்பலின் ஆங்கிலப் பெயரைத் தம் நாவுக்கேற்பச் சொல்லலாம். ஆனால் ஒருவரையொருவர் அறியாத பலர் ஒரே செய்தியை ஒரே வகையாகச் சொல்லும்போது அதன் வலிமை கூடுகிறது. முதல் நாள்களைப் பற்றிய நினைவுகளில் அத்தகைய ஒற்றுமை மிகுதி.

புறப்பாடு அவற்றுள் முதலாவது. வீட்டில் சொல்லாமல், அல்லது தாயிடம் மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பிய இளைஞர் பலர். கல்கத்தாவில் கிதிர்பூர்த் துறைமுகத்தை ஒட்டித் தம் ஊரார் நடத்திய விடுதிகளில் அவர்கள் தங்கினர். விடுதிக்காரரை ‘பாரிவாலா’ என்பர். வேலை கிடைக்கும்வரை உணவும் படுக்கையும் கடனாகக் கிடைக்கும். முதற்பயணத்தின் சம்பளம் அக்கடனுக்கே போய்விடும். ஆளெடுப்பில் இடைநின்ற ‘காட் செராங்கு’ என்னும் தரகர்க்கும், கப்பலின் செராங்குக்கும் கையூட்டுத் தரவேண்டும். மாதக்கணக்கில் காத்திருந்தோரும் உண்டு. ‘நலி’ என்று அவர்கள் அழைத்த பணிச்சான்றுப் புத்தகம் கைக்கு வந்த நாளை மணநாளைப் போல நினைவு கொண்டிருந்தனர். அச்சொல் தமிழில் தரும் பொருளும் அவர்கள் பட்ட பாட்டுக்குப் பொருந்தாமற் போகவில்லை.

இரண்டாவது, உலையறைக்குள் முதன்முதல் இறங்கியது. இரும்பு ஏணியின் வழியே தளத்தின் மேல் தளமாகக் கீழிறங்கிச் சென்றால், கொதிகலன்களின் வரிசையும் அவற்றின் அடியில் எரியும் உலைவாய்களும் தோன்றும். செங்கடலில் அங்கே வெப்பம் 50 பாகை செல்சியஸையும் கடந்துவிடும். கப்பலுக்குப் பின்னிருந்து காற்று வீசினால் மேல்தளத்துக் காற்றுக் குழாய்களில் காற்று இறங்காது. கப்பல் நகரும் வேகமும் காற்றின் வேகமும் ஒத்துப்போய்க் காற்றே இல்லாதது போலாகிவிடும். சில வேளைகளில் உலையறைக்குச் சற்றே காற்றுக் கிடைக்கட்டும் என்று கப்பலைத் திருப்பி எதிர்த்திசையில் சிறிது நேரம் செலுத்தியதும் உண்டு. வெப்பத்தால் மூளை கலங்கிக் கடலில் குதித்தோரைப் பற்றிய குறிப்புகள் அக்காலப் பதிவுகளில் கிடைக்கின்றன. இந்தியர் வெப்பத்தைத் தாங்கவல்லவர் என்று கப்பல் உரிமையாளர் திரும்பத் திரும்பச் சொல்லிவந்தனர். வயலில் அடிக்கும் வெயிலும் உலைவாயின் அனலும் ஒன்றல்ல என்பதை அறியாதவர்களல்லர் அவர்கள். அப்படிச் சொல்வது அவர்களுக்கு மலிவாயிருந்தது.

உலையறைப் பணியாளர் இருவகையினர். தீயிடுபவன் ‘ஆக்வாலா’, கரி கொண்டுவருபவன் ‘கோய்லாவாலா’. இவர்களுக்கு மேலே எந்திரங்களுக்கு எண்ணெயிடும் ‘தேல்வாலா’ உண்டு. புதிதாக வந்தவன் பெரும்பாலும் கோய்லாவாலாவாகவே தொடங்கினான். அவ்வேலையின் தன்மையை அறிந்தாலன்றி அந்நினைவுகள் விளங்கா. தீயிடுபவனின் வேலை கடினமாயினும் நாள்தோறும் ஒரே அளவினது: குறித்த சில உலைகள், அவற்றுக்குக் கரி எறிதல், நீண்ட இரும்புக் கம்பியால் தீயைக் கிளறிக் கட்டியான கசடை உடைத்தல், சாம்பலை வாரிக் குளிரவைத்தல். கரி கொணர்பவனின் வேலையோ நாளுக்கு நாள் கூடும். பயணத்தின் தொடக்கத்தில் கரிக்கிடங்கு நிறைந்திருக்கும். கரி உலையறையின் வாசலிலேயே கிடக்கும். நாள் செல்லச் செல்லக் கரி பின்வாங்கும். அதை இருட்டில், தூசியில், ஆடும் தளத்தின்மீது கைவண்டியில் தள்ளிக்கொண்டு வரவேண்டிய தொலைவு நீளும். இடப்பக்கக் கிடங்கிலிருந்து மிகுதியாக எடுத்தால் கப்பல் வலப்பக்கம் சாயும். ஆகவே எங்கிருந்து எவ்வளவு எடுப்பது என்னும் கணக்கும் உண்டு. கடலின் குமட்டலோடு முதல் வாரத்தைக் கழித்த இளைஞன், கரை நெருங்க நெருங்க வேலை குறையும் என்று எண்ணியிருப்பான். நேர்மாறாக நிகழ்ந்தது.

நாளொன்றுக்கு நான்கு மணி நேர முறைப்பணி இருமுறை. பன்னிரண்டிலிருந்து நான்கு வரை, நான்கிலிருந்து எட்டு வரை, எட்டிலிருந்து பன்னிரண்டு வரை என அது பகுக்கப்பட்டது. இரண்டாம் முறைப்பணியிலிருந்தவனுக்கு மாலையில் அஸ்ரின் பிற்பகுதியும் மஃரிபும் உலையின் முன்னேயே கழியும். கிழக்கும் மேற்குமாகக் கப்பல் செல்லச் செல்லக் கடிகாரமும் மாற்றப்படும். சில்ஹட்டினர் ஹனஃபிகள், பயணத்தில் தொழுகையைச் சுருக்குவது அவர்களுக்குக் கட்டாயம். ஓடும் கப்பலில் தக்க காரணமின்றியும் அமர்ந்து தொழலாம் என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. அவர்களின் மாணவர் இருவரும் காரணமிருந்தாலன்றிக் கூடாது என்றனர். கடலில் குடும்பத்தோடு வாழும் கப்பலோட்டி தொழுகையைச் சுருக்கலாகாது என்பது ஹன்பலிகளின் தீர்ப்பு. ஷாஃபிஈகளோ அவன் சுருக்கலாம், முழுமையாகத் தொழுவது சிறப்பு என்பர். நம் ஃபிக்ஹு நூல்கள் கப்பலையே வீடாகக் கொண்டவனை எண்ணிப் பார்த்திருக்கின்றன. உலையறைத் தொழிலாளியோ ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தத்தில் வீட்டையும் மனைவியையும் விட்டு வந்தவன். எந்த மத்ஹபின்படியும் அவன் பயணியே. உணவைப் பொறுத்தவரை முஸ்லிம் கப்பலாள்களுக்குத் தனியே ‘பண்டாரி’ என்னும் சமையற்காரன் இருந்தான். அரிசி, பருப்பு, கருவாடு, நெய் என்பன பங்கீட்டில் அடங்கும். வேற்றூர்க் கரையில் ஹலாலான இறைச்சி கிடைக்காதபோது கருவாடே கைகொடுத்தது.

சம்பளத்தைப் பற்றி முதியோர் சொல்வதை ஆவணங்களும் உறுதி செய்கின்றன. ஒரே கப்பலில் வெள்ளையர் பெற்றதில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் ஒரு பங்குவரையே லஸ்கர்களுக்குக் கிடைத்தது. இடத்திலும் வேறுபாடு இருந்தது. 1906ஆம் ஆண்டின் சட்டம் பிரிட்டிஷ் கப்பலாள் ஒருவனுக்கு 120 கன அடி இடம் தரவேண்டும் என்றது. இந்திய ஒப்பந்தத்தில் வந்தவனுக்கு 36 கன அடியே. இவ்வெண்ணைப் படித்தபோது நாம் ஒரு கயிற்றால் அளந்து பார்த்தோம். ஆறடி நீளம், மூன்றடி அகலம், இரண்டடி உயரம்! கப்பலின் உறங்கும் பகுதியை எத்தனை பேர் நினைவில் எவ்வாறு சித்திரித்தாலும், இவ்வெண் சொல்வதைக் காட்டிலும் மிகையாகச் சொல்லிவிட முடியாது.

இந்நினைவுகளிலிருந்து முற்றிலும் வேறுபட்ட ஒன்று தாதா அமீர் ஹைதர் கான் எழுதியது. ராவல்பிண்டி மாவட்டத்தில் 1900இல் பிறந்து, 1914இல் பம்பாயில் சிறுவனாகக் கப்பலேறியவர் அவர். 1918இல் அமெரிக்கக் கப்பல்களுக்கு மாறி, பின்னர் மாஸ்கோ சென்று கம்யூனிஸ்டாகித் திரும்பினார். 1930களின் தொடக்கத்தில் சென்னைக்கு வந்து மறைவாக இயக்கப் பணியாற்றிய இவரை 1932இல் சென்னையிலேயே காவல்துறை கைது செய்தது. ஆந்திரத்தின் சுந்தரையா அவ்வியக்கத்தில் சேரக் காரணமானவரும் இவரே. அவர்தம் கொள்கையோடு நமக்கு உடன்பாடில்லை. ஆயினும் ஒரு வேறுபாட்டை ஆய்வாளர் கவனிக்க வேண்டும்: அமீர் ஹைதர் தம் கப்பல் நாள்களைப் பின்னாளில் பெற்ற கொள்கையின் ஒளியில் எழுதினார்; ஆகவே அநீதி ஒவ்வொன்றும் அவருக்குப் பாடமாயிற்று. சில்ஹட் முதியவர்களோ லண்டனில் உணவகமும் வீடும் பெற்றபின் திரும்பிப் பார்த்தவர்கள். ஆகவே துன்பம் அவர்களுக்குத் தாம் கடந்து வந்த படியாயிற்று. இரண்டிலும் பிற்கால வாழ்க்கை முற்கால நினைவைத் தன் நிறத்தில் தோய்த்துள்ளது.

இதற்கு 1939ஆம் ஆண்டின் வேலைநிறுத்தம் நல்ல சான்று. போர் மூண்டவுடன், ஆபத்து கூடியதற்கேற்பச் சம்பளம் வேண்டுமென்று பிரிட்டனிலும் தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் துறைமுகங்களில் லஸ்கர்கள் கப்பலேற மறுத்தனர். நூற்றுக்கணக்கானோர் சிறை சென்றனர். சம்பள உயர்வும் பெற்றனர். சில்ஹட்டைச் சேர்ந்த தொழிற்சங்கத் தலைவர் ஆஃப்தாப் அலி இந்தியாவில் அவர்களுக்காகப் பேசினார். ஆனால் இவர்களைப் பற்றி இன்று எழுதப்படும் பாராட்டுக் கட்டுரைகளில் பிரிட்டனுக்குக் கறி உணவைக் கொண்டுசேர்த்த முன்னோடிகள் என்னும் பெயரே முன்நிற்கிறது. அது பொய்யன்று. கப்பலை விட்டு ஓடி, கிழக்கு லண்டனின் சிற்றுண்டிச் சாலைகளில் பாத்திரம் கழுவித் தொடங்கியவர்கள் பின்னர் உணவகங்களின் உரிமையாளராயினர். ஆனால் உணவகத்தின் ஒளி உலையறையை மறைத்துவிடுகிறது. சிறை சென்றவர்களும், கரை சேராதவர்களும் அந்தப் பாராட்டில் இடம்பெறுவதில்லை.

வாய்மொழியில் குறையும் செய்திகளும் உண்டு. கப்பலை விட்டு ஓடியதைச் சட்டத்துக்கு அஞ்சிப் பலர் மேலோட்டமாகவே சொன்னார்கள். தாம் செராங்கான பின் பெற்ற கையூட்டைப் பற்றி எவரும் விரிவாகப் பேசவில்லை. தாம் கொடுத்ததைப் பற்றி எல்லோரும் பேசினர். வீட்டிலிருந்த மனைவியர், தாயர் ஆகியோரின் காத்திருப்பை அவர்கள் வாயாலேயே கேட்டுத் தொகுத்தவர் மிகச் சிலர். 1947 ஜூலையில் நடந்த பொதுவாக்கெடுப்பால் சில்ஹட்டின் பெரும்பகுதி கிழக்குப் பாகிஸ்தானோடு சேர்ந்தபோது, அவர்களின் துறைமுகமான கல்கத்தா ஒரே நாளில் அயல்நாடாயிற்று. கப்பல் ஒப்பந்தம் நின்றுபோன வீடுகளில் அவ்வாண்டுகள் எவ்வாறு கழிந்தன என்பதைச் சொல்ல வேண்டியவர்கள் அப்பெண்களே.

முதல் உலகப் போரில் மாண்ட வங்காள, அஸ்ஸாம் பகுதி லஸ்கர்கள் 896 பேருக்கு, கல்கத்தாவில் ஹூக்ளியின் கரையில் 1924இல் நினைவுத்தூண் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் மாண்ட இந்திய வணிகக் கப்பலாள்களில் ஏறத்தாழ 6,000 பேரின் பெயர்கள் ஒரு பதிவேட்டில் எழுதப்பட்டுள்ளன. அதன் ஒரு படி மும்பையில் கப்பல் தொழிலாளர் இல்லத்திலும், மற்றொரு படி சிட்டகாங்கிலும் உள்ளது. லண்டனில் தேம்ஸ் கரையிலுள்ள வணிகக் கப்பலாள் நினைவகத்தில் அவர்களுள் பெரும்பாலோரின் பெயர் இல்லை. கப்பல் ஒப்பந்தங்களில் ஒவ்வொரு லஸ்கரின் பெயரோடும் தந்தையின் பெயரும் ஊரும் எழுதும் வழக்கம் இருந்தது. ஆங்கில எழுத்தரின் செவிக்கு எட்டியவாறு எழுதப்பட்ட அப்பெயர்களை, சில்ஹட்டின் ஊர்ப் பேச்சையும் அரபிப் பெயர்களின் அமைப்பையும் ஒருங்கே அறிந்தவர்களால்தான் திருத்தமாகப் படித்துக்காட்ட இயலும். தந்தை பெயரையும் ஊரையும் துணையாகக் கொண்டு ஒரு பட்டியலையேனும் அவ்வாறு செப்பம் செய்வது, வங்காளத்து மதரஸாக்களின் முதுநிலை மாணவர்க்கு ஏற்ற ஆய்வுப் பணியாகும்.